பதினேழு வீட்டுத் தண்ணீர்

முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பேண்ட்டுகளை மரியசெல்வி எண்ணிக்கொண்டிருந்தாள். மதியம் ஒரு மணி. இந்திரா நகரின் அந்தக் குறுக்குத் தெருவில் நிழல் என்று சொல்ல ஒரு வேப்பங்கன்று மட்டும் நின்றது. பத்தடி தள்ளி அவள் கணவர் அமிர்தநாதன் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமல். தலை வெந்தாலும் பரவாயில்லை, முகம் தெரியக் கூடாது என்பது அவர் கணக்கு. அந்த ஸ்கூட்டரைத் தெரியாதவர்கள் நெய்வேலியில் கம்மி என்பது அவருக்குத் தோன்றவில்லை. முன்பக்கம் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர், பின்பக்கம் மகன் படித்த இன்ஜினியரிங் காலேஜ் ஸ்டிக்கர், பக்கவாட்டில் இருபது வருஷத்து ஷிப்ட் பஸ்களோடு உரசிய கோடுகள். டவுன்ஷிப்புக்குள் அந்த வண்டி எந்த வீட்டு வாசலில் நின்றாலும், அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று நாலு பேர் விசாரித்துவிடுவார்கள்.

"ஏழு பேண்ட்டு. ஒரு பொடவ கூட இல்ல," என்று வந்து சொன்னாள் மரியசெல்வி. "மாடில மூணு நாலு பசங்க இருக்கணும். மூணு சட்டை ஒரே மாதிரி இருக்கு. கான்ட்ராக்ட் கம்பெனி ஆளுங்க."

"செல்வி, போலாம். கல்லால அடிக்கப் போறாங்க."

"தோ, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்," என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் தள்ளித் திறந்து உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர் குடிப்பதுதான் அவள் முறை. அமிர்தநாதனுக்கு ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. அது 2014. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மனுஷன், கடைசி நாளன்று மாலை போட்டுக்கொண்டு, கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு, குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். வந்து எங்கே போவது என்பது எல்லா குவார்ட்டர்ஸிலும் உள்ள கேள்விதான். மரியசெல்வி அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். போய் எதைச் சாப்பிடுவது? பென்ஷன் என்று மாதாமாதம் வரப்போவது பாலுக்கும் கரண்டுக்கும் சரியாக இருக்கும். கையில் ஒரே ஒரு தடவை ஒரு தொகை வரும். அதை வைத்து ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும். ஆகவே அவர்கள் வாங்குவது அவர்களைத் தங்க வைத்துக்கொள்கிற வீடாக மட்டும் இருந்தால் போதாது, அவர்களுக்குச் சோறு போடுகிற வீடாகவும் இருக்க வேண்டும். அந்தத் தொகையில் ஒரு பங்கை பி.எஃப். அட்வான்ஸாக இப்போதே எடுத்து, இரண்டு வருஷம் முன்பே வாங்கி, வாடகைக்கு விட்டு, அது சோறு போடுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் குடிபோவது. இதை அவள் சொன்னபோது அவர்கள் குடியிருந்த பிளாக் இருபத்தொன்றில் சிரிக்காதவர்கள் கிடையாது. பத்தாவது ஃபெயிலான பொம்பளைக்கு வாடகை வீட்டு முதலாளி ஆசையா என்று நேரடியாகக் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் பெயரை இங்கே எழுதினால் அவர்களுக்கே இப்போது சங்கடம்.

டவுன்ஷிப்பில் முப்பது வருஷம் குடியிருந்தவர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. தண்ணீரைப் பற்றி அவர்களுக்குக் கேட்கத் தெரியாது. குழாயைத் திறந்தால் வந்தது, வாசலுக்கு அடித்தார்கள், பலா மரத்துக்கு விட்டார்கள், மூட மறந்துவிட்டு மணிக்கணக்கில் கதை பேசினார்கள். வெளியே வீடு வாங்கப் போகிறபோது டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார்கள், வாஸ்து பார்ப்பார்கள், பூஜை ரூம் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். தண்ணீரைக் கேட்க மாட்டார்கள். பிளாக் பதினெட்டில் இருந்த ஒரு ஃபோர்மேன் மார்பிள் போட்டு வீடு கட்டிக் குடிபோனார். மூன்றாவது மாசமே தினமும் காலையில் ஸ்கூட்டரில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு பழைய பிளாக்குக்கு வந்து பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்துக்கொண்டு போனார். அவருடைய மார்பிளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் அந்தக் கேனைப் பார்த்துத்தான் ஆறுதல் அடைந்தார்கள்.

மரியசெல்வி அந்தக் கேனைப் பார்த்துப் பாடம் படித்தாள். மாதா கோயில் பங்கில் அன்பியம் என்று வாரம் ஒரு வீட்டில் கூடி செபமாலை சொல்வார்கள். இருபது வருஷமாக அதில் போய் வந்ததில் எந்த வீட்டுக்குள்ளும் கூச்சமில்லாமல் நுழைகிற பழக்கம் அவளுக்கு இருந்தது. பிடித்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்று, "குடிக்க கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்பாள். வீட்டுக்காரி சொம்பை எடுத்துக்கொண்டு எங்கே போகிறாள் என்று பார்ப்பாள். குழாய்க்கா, குடத்துக்கா, விலைக்கு வாங்கிய கேனுக்கா. ஒரு வாய் குடித்து நாக்கில் நிறுத்திப் பார்ப்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். மாடிக்கு வாடகை என்ன, போன ஆள் ஏன் போனான், சாக்கடை எந்த மழையில் நிரம்பும், பங்காளிச் சண்டை எந்த வீட்டில். வில்லங்கச் சான்றிதழில் முப்பது வருஷத்து விவரம் வரும் என்பார்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் அவளுக்கு ஐம்பது வருஷத்து விவரம் வந்தது.

தண்ணீர் மட்டுமில்லை. ஒரு கிலோ கோதுமையை அரைக்க டவுன்ஷிப்பிலிருந்து பஸ் ஏறி இந்திரா நகர் மாவு மில்லுக்கு மூன்று தடவை போனாள். மில்லில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த வட்டாரத்தில் எந்த வீடு காலி, எந்த வீட்டில் ‘வாடகைக்கு’ போர்டு எத்தனை நாள் தொங்கியது என்று தெரிந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்து, எந்தெந்த சர்வே நம்பர் நாளைக்குச் சுரங்கத்துக்கு எடுக்கிற பட்டியலில் இருக்கிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். வரிசையாக ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. அமிர்தநாதன் ஓட்டினார், நின்றார், வேர்த்தார். அவர் மனசில் வேறொரு பாரம் இருந்தது. அதை மறைக்க ஹெல்மெட் போதாமல் இருந்தது.

சுரங்கத்தில் ஒரே ஷிப்ட்டில் இருப்பவர்கள் எதையும் தனியாகச் செய்ய மாட்டார்கள். ஒருவர் ஃபிரிட்ஜ் வாங்கினால் ஆறு பேரும் அதே ஃபிரிட்ஜ், அதே கலர். வேளாங்கண்ணிக்கு ஒரே வேன், திருப்பதிக்கும் அதே வேன், அதே டிரைவர். அமிர்தநாதனின் ஷிப்ட்டில் பெரியண்ணன் என்பவர் தலைவர் மாதிரி. பதவியில் அல்ல, குரலில். அந்தப் பெரியண்ணன் முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டிப் புதிதாகப் பிரித்த ஒரு மனைப் பிரிவுக்கு மற்ற ஐந்து பேரையும் புரமோட்டர் அனுப்பிய வேனில் அழைத்துப்போனார். பிரியாணி போட்டார்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். பெல்ட்டில் நிற்கிற வரிசையிலேயே ஆறு பேரும் மனையைப் பிடித்தார்கள். நாற்பத்தைந்து பெரியண்ணன், நாற்பத்தாறு அமிர்தநாதன். ரிட்டையர் ஆன பிறகும் காலையில் எழுந்தால் அதே முகங்கள்.

அமிர்தநாதன் பேராசையில் கையெழுத்துப் போடவில்லை. பெரியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மனைக்குள் இறங்கியதைப் பார்த்துத்தான் போட்டார். பெரியண்ணனின் அப்பாவும் தாத்தாவும் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் இறங்கி ஏறியவர்கள். அவர் தன் நாலு கல்லுக்கு நடுவில் வெறுங்காலோடு நின்று தரையைப் பார்த்தார். எப்போதும் பேசுகிற ஆள் பேசாமல் நின்றதும், அமிர்தநாதனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வீட்டில் சொல்லவில்லை. குடத்தைப் பெரியண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டார்.

விஷயம் குடத்தால்தான் வெளியே வந்தது. பெரியண்ணன் மனைவி ருக்குமணி ரேஷன் கடை வரிசையில் மரியசெல்வியின் முதுகைத் தட்டி, சாதாரணமாகக் கேட்டாள். "இன்னாக்கா, உன் கொடம் எங்க வூட்லயே ஒரு மாசமா உக்காந்துகினு இருக்குதே. எடுத்துகினு போவ மாட்டியா?" வரிசையில் அப்போது பதினோரு பேர் நின்றார்கள். ஆகவே அன்று சாயங்காலம் அமிர்தநாதன் வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று கேட்க, பிளாக்கில் பாதிப் பேர் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

ஒன்றுமே கேட்கவில்லை. மரியசெல்வி அவருக்குக் காபி கொடுத்தாள். நாமும் போய் அந்த மனையைப் பார்த்துவிட்டு வரலாம், பதிவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதாமே என்றாள். அவ்வளவுதான். அவர் காபியை ஆறவைத்துக் குடித்தார் என்பதை மட்டும் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்க முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து போனார்கள். ஆர்ச் இருந்தது. ஆர்ச்சின் மேல் இரண்டு சிமெண்ட் அன்னங்கள். உள்ளே செம்மண் தெருக்களுக்கு மல்லிகை, தாமரை என்று பெயர்ப் பலகைகள். வீடு என்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரைக்கும் மூன்று. அதில் ஒன்று புரமோட்டரின் ஆபீஸ், இன்னொன்று பாதியில் நின்றது. நாற்பத்தாறாம் நம்பர் கல்லில் ஒரு ஆடு கட்டியிருந்தது. மரியசெல்வி மனையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பிறகு வழக்கம்போலத் தண்ணீர் கேட்க வீடு தேடினாள். முந்திரித் தோப்பு ஓரத்தில் ஒரு கூரை வீடு இருந்தது. அங்கே போக அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை அமிர்தநாதனும் கூடவே நடந்தார்.

நாகம்மாள் என்று அந்த வீட்டுக்காரி. தூரத்துப் பம்புசெட்டிலிருந்து அப்போதுதான் குடம் தூக்கி வந்திருந்தாள். அந்தக் குடத்திலிருந்தே மொண்டு கொடுத்தாள். இங்கே போர் போட்டால் தண்ணீர் வராதா என்று மரியசெல்வி கேட்டாள்.

"வரும்மா. ஏன் வராது? கீழ கீழ எறங்கிகினே போனா வரும். அந்த ஆபீஸ் வூட்டுக்காரன் ரெண்டு வாட்டி எறக்கினான். மூணாவது வாட்டிக்கு லாரில வாங்கிக்கறான்."

மனை வாங்கினவர்கள் வந்து பார்ப்பதுண்டா என்று அமிர்தநாதன் மெதுவாகக் கேட்டார்.

"பொங்கலுக்கு வருவாங்க சார். கல்லுல சந்தனம் வெச்சி போட்டோ புடிச்சிகினு போவாங்க. வூடு கட்ட ஒருத்தரும் வர்ல, ஏழு வருசமாச்சி." நாகம்மாள் தூரத்தில் கல்லில் கட்டியிருந்த தன் ஆட்டைக் கைகாட்டிச் சிரித்தாள். "எனக்கு நல்லதுதான். மொள அடிக்கிற வேல மிச்சம்."

திரும்பி ஸ்கூட்டர் வரைக்கும் நடந்தார்கள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அமிர்தநாதன் காத்திருந்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அவ்வளவு ஆவலாக ஒரு வசவை எதிர்பார்த்தது கிடையாது. வண்டியில் உட்கார்ந்த பிறகுதான், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, அவள் பேசினாள்.

"உங்க சம்பாத்தியம். உங்க கையெழுத்து. நான் பதினேழு வீட்டுல தண்ணி குடிச்சிருக்கேங்க. அதுல ஒண்ணு நல்லா இருந்துது. அதைத்தான் சொல்ல முடியும். எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

நன்றாக இருந்த அந்த ஒன்று, அழகில் பதினேழிலும் கடைசி. இந்திரா நகர் மாவு மில்லுக்கு அடுத்த வீடு. கிறிஸ்டினா என்று ஒரு ரிட்டையர்டு நர்ஸம்மா, போனஸ் வந்த வருஷமெல்லாம் ஒரு ரூம் என்று கட்டியது. அதனால் நாலு வகை ஜன்னல், மூன்று வகைத் தரை. மாடிப்படி வெளியே, பீரோ ஏற்ற முடியாத அகலத்தில். வெயில் நாளில் சுவரில் மாவு படியும். தெற்குப் பார்த்த வாசல். தன் மகளோடு இருக்க நர்ஸம்மா திருவதிகைக்குப் போகிறார், அதனால் விற்கிறார். வாஸ்து பார்க்கிற ஆள் அந்த வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமலே ஃபீஸ் கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. ஆனால் ஷிப்ட் பஸ் நிற்கிற இடம் அங்கிருந்து நூறு அடி. அந்தத் தெருவில் ‘வாடகைக்கு’ போர்டு ஒரு வாரத்துக்கு மேல் தொங்கியதில்லை. நடு மத்தியானம், சித்திரை மாசம், மாடிக் குழாயில் தண்ணீர் வந்தது. மில் சத்தத்தில் நைட் ஷிப்ட் பார்த்தவன் எப்படித் தூங்குவான் என்பது ஒன்றுதான் மரியசெல்விக்கும் விடை தெரியாத கேள்வி. மாடியில் இருந்தவனை எழுப்பியே கேட்டாள். தூக்கக் கலக்கத்தில் அவன், எந்த மில் என்று கேட்டான்.

திங்கட்கிழமை அமிர்தநாதனுக்கு ஏ ஷிப்ட். விடிந்த வெளிச்சத்தில் பெல்ட் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். பெல்ட்டின் கீழே வரிசையாக உருளைகள் சுற்றும். அதில் ஒன்று கெட ஆரம்பித்தால் தூரத்திலிருந்து தெரியாது. கூடவே நடந்து, காதைக் கொடுத்தால், நூறு உருளைச் சத்தத்துக்குள் ஒரு சின்ன முனகல் வரும். அதைப் பிடிக்கத் தெரிந்தவர் என்றுதான் அவருக்குப் பெயர். ஜீப்பில் உட்கார்ந்தபடியே பெல்ட்டைப் பார்த்து, ‘எல்லாம் நல்லா ஓடுதுல்ல?’ என்று கேட்டுவிட்டுப் போகிற ஆபீசர்களைப் பற்றி முப்பத்திரண்டு வருஷமாக அவர் சொல்லாத கிண்டல் இல்லை. முனகுகிற ஒரு உருளைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடக் குனிந்தவர், குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். அவர் மனையை வேனில் உட்கார்ந்து பார்த்திருந்தார். அவள் நடந்து பார்த்திருந்தாள். அவருடைய தொழிலை அவள் அவரை விட ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறாள், அதுவும் ஹெல்மெட் இல்லாமல்.

டிபன் வேளையில் பெரியண்ணனிடம் சொன்னார். நேராகச் சொல்ல வராமல் தண்ணீர், போர், ஆடு என்று சுற்றி வந்து கடைசியில் சொன்னார். நீங்களும் ஒரு தடவை நடந்து பாருங்கள் என்று சொல்லத்தான் அவர் மெனக்கெட்டார். கேட்டுக்கொண்டிருந்த மற்ற நாலு பேரும் அவரவர் டிபன் பாக்ஸுக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரித் தேடினார்கள். பெரியண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அமிர்து, உனக்கு அது ஒரு எடம். புடிக்கலன்னா வேற எடம். எனக்கு அப்படி இல்லய்யா," என்றார். "வரிசைய வுட்டுட்டு நீ போறதுன்னா போ. பொண்டாட்டி முந்தானைய கெட்டியா புடிச்சிகினு போ, வழி தவறிடப் போற."

எல்லாரும் சிரித்தார்கள். அமிர்தநாதனும் சிரித்தார். அன்றைக்கு ஷிப்ட் பஸ்ஸில் பெரியண்ணன் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார். டோக்கன் பணம் போனது போனதுதான். குடத்தைத் திருப்பிக் கேட்டு புரமோட்டரிடமிருந்து ஆள் வந்ததாக பிளாக்கில் சொல்கிறார்கள். அது மட்டும் பொய்.

கிறிஸ்டினா வீட்டை வாங்கினார்கள். என்ன விலைக்கு என்று இங்கே சொல்லி என்ன பிரயோஜனம், பிளாக்கில் ஏற்கெனவே மூன்று விலை நிலவுகிறது. பட்டாவில் நர்ஸம்மாவின் கொழுந்தனார் பெயரும் சேர்ந்திருந்தது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. பத்திரம் எழுதுகிறவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மரியசெல்வி அந்தப் ‘பிறகு’வைக் கேட்டதும் பேனாவை மூடி அவர் மேஜையிலேயே வைத்தாள். மேல்பட்டாம்பாக்கத்துக்கு பஸ் ஏறி, கொழுந்தனாரைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டிலும் ஒரு சொம்பு குடித்து, மனுஷனைக் கையோடு பதிவு ஆபீசுக்கே அழைத்து வந்தாள். அன்றைக்கு ஆபீசில் இருந்தவர்கள், பத்திரம் எழுதுகிறவரே அவளுக்கு எழுந்து நாற்காலி கொடுத்ததைப் பார்த்தார்கள். முன்பு சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்த வாரமே அவள் வீட்டுக்கு உறைமோர் வாங்குகிற சாக்கில் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்தார்கள்.

ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடி போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் எழில்மதி போன் செய்தாள். ஓனர் சார், குழாய் மூட மாட்டேங்குது என்றாள். அமிர்தநாதன் போனைக் காதில் வைத்தபடி சுற்றும் முற்றும் பார்த்தார். குவார்ட்டர்ஸில் என்றால் மெயின்டனன்ஸ் ஆபீஸ் கம்ப்ளெய்ன்ட் நோட்டில் எழுதிவிட்டு வந்தால் இரண்டு நாளில் ஆள் வரும். இங்கே அந்த ஆள் அவர்தான் என்பது மெதுவாக உறைத்தது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு, மரியசெல்வியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். கீழ் போர்ஷன் பையன்கள் இருவர் அடுத்த மாசம் வேறு சைட்டுக்குப் போகப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்துக்கு ஆள் வருமா, எப்போது வரும் என்று இன்னும் தெரியாது. மரியசெல்வி அவர்களோடு பேசக் கீழேயே நின்றுகொண்டாள்.

குறுகலான அந்தப் படியில் தோள் உரச ஏறி, குழாயைச் சரிசெய்து, டேங்க்கின் வால்வைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனார். கை முழுக்க ஈரம். மில் ஓடவில்லை. தெரு அமைதியாக இருந்தது. தூரத்தில், மரங்களுக்கு மேலே, அனல் மின் நிலையத்துச் சிம்னிகள் நின்றன. முப்பத்திரண்டு வருஷமாக உள்ளே இருந்தே பார்த்துப் பழகியவருக்கு, வெளியே நின்று பார்த்தால் அவை சற்று மெலிந்து தெரிந்தன.

அப்போது தெருவில் ஒரு பைக் வந்தது. மெதுவாக, யாருடைய வீட்டு நம்பரையோ தேடுகிற வேகத்தில். ஓட்டியவர் ஹெல்மெட் போட்டிருந்தார், பின்னால் ருக்குமணி. பைக் வீட்டைத் தாண்டியது. ருக்குமணி முகத்தைத் திருப்பி மாடிப்படியையும் நாலு வகை ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். தெருமுனை வரைக்கும் போய், கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டியது. இந்தத் தடவை ஹெல்மெட்டும் லேசாகத் திரும்பியது. அமிர்தநாதன் கூப்பிட வாயைத் திறந்தார். பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தவரைப் பழையபடி எப்படிக் கூப்பிடுவது என்று வராமல், ஸ்பானரோடு கையை மட்டும் உயர்த்தினார்.

பைக் மில்லுக்கு முன்னால் நின்றது. இன்ஜின் அணையவில்லை. ருக்குமணி இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, அவர்கள் வீட்டு கேட்டை நோக்கி நடந்து வந்தாள். பின்னால் பெரியண்ணன், ஒரு காலைத் தரையில் ஊன்றி, இன்னொரு காலைப் பைக்கிலேயே வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.